ஒற்றைச்சொல் தலைப்புகளில் நாற்பது ஆண்டு வரலாறு



கடந்த பள்ளி விடுமுறையில் என் இல்லத்திற்கு ஒரு காகிதப் பெட்டி வந்து சேர்ந்தது. மறைந்த என் நண்பர் ஒருவரின் உடைமை அது. என்னோடு ஒரே பள்ளியில் வரலாறு கற்பித்தவர் அவர். வீட்டைத் துப்புரவு செய்தபோது கிடைத்ததாகக் கூறி அவருடைய மகள் அதனை என்னிடம் ஒப்படைத்தாள். அவளும் இன்று ஓர் ஆசிரியை.

பெட்டிக்குள் ஒலிநாடாக்களும் குறுந்தட்டுகளும் இருந்தன. அனைத்தும் ஒரே இசைக்குழுவினுடையவை. ‘பெட் ஷாப் பாய்ஸ்’ என்னும் பிரித்தானிய இருவர் குழு அது. ஒவ்வொன்றின் முதுகுப் பக்கத்திலும் நண்பர் ஒரு சிறு வெள்ளைத்தாளை ஒட்டித் தம் கையெழுத்தில் ஆண்டினைக் குறித்திருந்தார். 1986, 1987, 1988, 1990, 1993, 1996, 1999. அத்துடன் வரிசை நின்றுவிட்டது. நண்பர் 2000ஆம் ஆண்டில் காலமானார்.

“அப்பா ஏன் மாமா இந்த ஆங்கிலப் பாட்டுக்கெல்லாம் இப்படி ஆண்டு எழுதி ஒட்டி வைத்திருந்தார்?” என்று அவள் கேட்டாள். எனக்கு உடனே விடை கூற இயலவில்லை. ஆசிரியர் அறையில் அவர் இக்குழுவைப் பற்றிப் பேசிய போதெல்லாம், “டப்பா டப்பா என்று மின்சார மேளம் அடிக்கிற பாட்டில் என்ன சார் வரலாறு?” என்று நான் கேலி செய்ததுண்டு. “முதலில் தேதியைப் போடுங்க சார், அப்புறம் பேசுங்க. ஒருநாள் உட்கார்ந்து வரிசையாகக் கேட்போம்” என்பார் அவர். அந்த ஒருநாள் வரவேயில்லை. இவ்விடுமுறையில் நான் தனியே அமர்ந்து வரிசையாகக் கேட்டேன். அவர் மகளுக்கு நான் கூற வேண்டிய விடையே இக்கட்டுரை.

கடையில் தொடங்கிய நட்பு

நீல் டென்னன்ட் 1954ஆம் ஆண்டு வட இங்கிலாந்தின் நார்த் ஷீல்ட்ஸ் நகரில் பிறந்தவர். கிறிஸ் லோ 1959ஆம் ஆண்டு பிளாக்பூல் நகரில் பிறந்தவர். இவ்விருவரும் 1981ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ஆம் நாள் லண்டன் கிங்ஸ் சாலையிலிருந்த ஒரு மின்னணுப் பொருள் கடையில் தற்செயலாகச் சந்தித்தனர். கிறிஸ் லோ லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை பயின்றவர். டென்னன்ட் லண்டனில் வரலாறு பயின்றவர் என்பது நம் போன்றோர் கவனத்திற்குரியது. பின்னர் அவர் ‘ஸ்மாஷ் ஹிட்ஸ்’ என்னும் இளையோர் இசை இதழில் பணியாற்றினார். அவ்விதழின் பணி நிமித்தம் 1983ஆம் ஆண்டு நியூயார்க் சென்றபோது, பாபி ஆர்லாண்டோ என்னும் இசைத்தயாரிப்பாளரைச் சந்தித்ததே இக்குழுவின் முதல் ஒலிப்பதிவுக்கு வழி வகுத்தது.

‘வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்’ என்னும் அவர்களுடைய முதல் பாடல் 1984ஆம் ஆண்டு வெளிவந்தபோது பெரிதாக எடுபடவில்லை. ஸ்டீபன் ஹேக் என்பவரைக் கொண்டு அதனையே மறுபடியும் ஒலிப்பதிவு செய்து 1985ஆம் ஆண்டு இறுதியில் வெளியிட்டனர். 1986ஆம் ஆண்டு ஜனவரியில் பிரிட்டனிலும், மே மாதத்தில் அமெரிக்காவிலும் அது முதலிடம் பெற்றது. ஒருமுறை தவறிய மாணவனுக்கு மறுவாய்ப்புத் தர வேண்டும் என நாம் கூறுவதற்கு இதனையும் சான்றாகக் கொள்ளலாம்.

வரிசை பேசுகிறது

இக்குழுவின் பதினைந்து முதன்மை இசைத்தொகுப்புகளுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. ஒவ்வொன்றின் பெயரும் ஒரே சொல். முதல் தொகுப்பு ‘பிளீஸ்’ (1986). கடைக்குச் செல்பவர் குழுவின் பெயரைக் கூறி, இறுதியில் ‘பிளீஸ்’ என்று பணிவாகக் கேட்க நேருமே என்பதற்காக அப்பெயரைச் சூட்டினார்களாம். அடுத்து ‘ஆக்சுவலி’ (1987), ‘இன்ட்ரோஸ்பெக்டிவ்’ (1988), ‘பிஹேவியர்’ (1990), ‘வெரி’ (1993), ‘பைலிங்குவல்’ (1996), ‘நைட்லைஃப்’ (1999). நண்பரின் பெட்டி இவ்விடத்தில் முடிகிறது.

அதன்பின் ‘ரிலீஸ்’ (2002), ‘ஃபண்டமென்டல்’ (2006), ‘யெஸ்’ (2009), ‘எலிசியம்’ (2012), ‘எலெக்ட்ரிக்’ (2013), ‘சூப்பர்’ (2016), ‘ஹாட்ஸ்பாட்’ (2020), ‘நன்தலெஸ்’ (2024) ஆகியவை வெளிவந்தன. பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது ‘வெரி’ ஒன்றே. எனினும் இப்பதினைந்தில் ஒன்றுகூட முதல் பத்து இடங்களை விட்டு வெளியே நின்றதில்லை.

அட்டைகளும் தனித்துவம் வாய்ந்தவை. மார்க் ஃபாரோ என்னும் வடிவமைப்பாளர் தொடக்க காலம் முதலே இவர்களோடு பணியாற்றினார். ‘பிளீஸ்’ அட்டையில் பெரும்பகுதி வெறும் வெள்ளை. நடுவில் அஞ்சல்தலை அளவே ஒரு படம். ‘ஆக்சுவலி’ அட்டையில் டென்னன்ட் கொட்டாவி விடுகிறார். ‘வெரி’ குறுந்தட்டு, புடைத்த புள்ளிகள் கொண்ட செம்மஞ்சள் நெகிழிப் பேழையில் வந்தது. ‘யெஸ்’ அட்டையில் வண்ணச் சதுரங்களால் அமைந்த ஒரு சரி அடையாளம் உண்டு. பயிற்சிப் புத்தகங்களில் நாள்தோறும் நாம் இடும் அதே அடையாளம்தான்.

இவையெல்லாம் வெறும் புற அழகுகளே. ஆண்டு வரிசையில் வைத்துக் கேட்கும்போதுதான் உள்ளிருக்கும் வரலாறு வெளிப்படுகிறது.

பணம் பேசிய காலம்

1980களில் பிரிட்டனை ஆண்டவர் மார்கரெட் தாட்சர். அரசுக்குச் சொந்தமான நிறுவனங்கள் ஒவ்வொன்றாகத் தனியார்மயமாயின. 1984இல் பிரிட்டிஷ் டெலிகாம், 1986இல் பிரிட்டிஷ் கேஸ், 1987இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஆகியவற்றின் பங்குகள் விற்கப்பட்டன. 1987ஆம் ஆண்டு செப்டம்பரில் வந்த ‘ஆக்சுவலி’ தொகுப்பில் ‘ஷாப்பிங்’ என்றொரு பாடல் உள்ளது. தலைப்பைக் கேட்டால் கடைத்தெருப் பாடல் போலத் தோன்றும். உண்மையில் அது நாட்டின் சொத்துகள் வாங்கி விற்கப்படுவதைக் கேலி செய்யும் பாடலாகும்.

அதற்கு முந்திய ‘ஆப்பர்சூனிட்டீஸ்’ பாடலில், பணம் குவிக்கலாம் வா என்று ஒருவன் மற்றொருவனை அழைக்கிறான். அக்காலத்தில் இதனைப் பேராசையின் புகழ்ப்பாட்டாகக் கருதியவர் பலர். பாடுபவன் வேறு, எழுதியவன் வேறு என்பதை அவர்கள் மறந்தனர். தமிழாசிரியர்களாகிய நமக்கு இது புதிதன்று. குறுந்தொகையைக் கற்பிக்கும்போது ‘தலைவி கூற்று’, ‘தோழி கூற்று’ என்று பிரித்துக் காட்டுகிறோம் அல்லவா? புலவரின் குரலைத் தலைவியின் குரலோடு நாம் குழப்பிக் கொள்வதில்லை. அதே அளவுகோலைப் பயன்படுத்தினால், தன் திறமையைப் பற்றித் தானே பெருமையடித்துக் கொள்ளும் ஓர் ஏமாற்றுக்காரனின் கூற்றாகவே அப்பாடலைக் கொள்ள வேண்டும்.

‘ஆக்சுவலி’ தொகுப்பின் இறுதிப் பாடல் ‘கிங்ஸ் கிராஸ்’. வட இங்கிலாந்திலிருந்து வேலை தேடி லண்டன் வருவோர் வந்திறங்கும் தொடர்வண்டி நிலையத்தின் பெயர் அது. அப்பாடல் நம்பிக்கை இழந்தோரைப் பற்றியது. தொகுப்பு வெளிவந்து இரண்டு மாதங்கள் கழித்து, நவம்பர் 18ஆம் நாள், அந்நிலையத்தின் சுரங்கப் பகுதியில் தீ பரவி 31 பேர் மாண்டனர். பாடல் விபத்தை முன்னறிந்து கூறியதோ எனச் சிலர் வியக்கலாம். தேதியைப் போட்டவர்கள் அவ்வாறு கூற மாட்டார்கள். முன்னால் வந்தது பின்னால் வந்ததற்குக் காரணமாகவோ குறியாகவோ இருக்க வேண்டும் என்பதில்லை. வரலாற்றுப் பாடத்தில் மாணவர்களுக்கு நாம் பதிய வைக்க வேண்டிய முதன்மையான கருத்துகளுள் இதுவும் ஒன்று.

வாய் மூடிய வகுப்பறை

அடுத்துக் கூறப்போவது நம் தொழிலோடு தொடர்புடையது. 1988ஆம் ஆண்டு பிரிட்டனின் உள்ளாட்சிச் சட்டத்தில் 28ஆம் பிரிவு சேர்க்கப்பட்டது. உள்ளாட்சி அமைப்புகள் தன்பாலின உறவை ஊக்குவிக்கலாகாது என்று அது தடை விதித்தது. அப்பிரிவின் கீழ் எந்த ஆசிரியரும் தண்டிக்கப்படவில்லை. ஆயினும் எதைப் பேசினால் குற்றமாகுமோ என்றஞ்சிப் பல ஆசிரியர்கள் வாய் திறவாதிருந்தனர். வகுப்பில் ஒரு மாணவன் கேலிக்கு ஆளானால்கூட என்ன சொல்வது என்று தயங்கினர். எய்ட்ஸ் நோய் பரவிக்கொண்டிருந்த காலமும் அதுவே. அறிவு மிகவும் தேவைப்பட்ட நேரத்தில் மௌனம் சட்டமாயிற்று. ஸ்காட்லாந்தில் 2000ஆம் ஆண்டிலும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003ஆம் ஆண்டிலும்தான் அப்பிரிவு நீக்கப்பட்டது.

அச்சட்டத்தை எதிர்த்து 1988இல் லண்டனில் நடந்த கலைநிகழ்ச்சியில் இவ்விருவரும் மேடையேறினர். அப்போதும் டென்னன்ட் தம்மைப் பற்றி வெளிப்படையாகப் பேசவில்லை. தாம் தன்பாலின ஈர்ப்புடையவர் என அவர் ஓர் இதழில் கூறியது 1994ஆம் ஆண்டில்தான். ஆகவே அதற்கு முந்திய தொகுப்புகளைக் கேட்கும்போது, சொல்லப்பட்டவற்றோடு சொல்லப்படாதவற்றையும் சேர்த்தே கேட்க வேண்டியுள்ளது.

1990ஆம் ஆண்டின் ‘பிஹேவியர்’ இவ்வகையில் தலைசிறந்தது. ஜெர்மனியின் மியூனிக் நகரில், ஹெரால்ட் ஃபால்டர்மேயரின் துணையுடன், அன்றே பழையனவாகிவிட்ட மின்னிசைக் கருவிகளைக் கொண்டு பதிவு செய்யப்பட்டது. அதன் முதற்பாடல் ‘பீயிங் போரிங்’. டென்னன்டின் இளமைக்கால நண்பர் ஒருவர் எய்ட்ஸ் நோயால் இறந்த துயரத்திலிருந்து பிறந்த பாடல் அது. ஆனால் நோயின் பெயர் அதில் எங்கும் இல்லை. 1920கள், 1970கள், 1990கள் என மூன்று காலங்களில் அப்பாடல் நகர்கிறது. முதலில் பழைய அழைப்பிதழ்களும் படங்களும், பின்னர் ஊரை விட்டுப் புறப்படும் இளைஞன், இறுதியில் உடனிருக்க வேண்டியவர்கள் உடனில்லாத நிலை. வெளிவந்தபோது பிரிட்டன் பட்டியலில் 20ஆம் இடத்தையே எட்டியது. இன்று அவர்களின் படைப்புகளுள் மிகவும் போற்றப்படுவனவற்றுள் அதுவும் ஒன்றாகும்.

நண்பரின் பெட்டியில் அதிகம் தேய்ந்திருந்த ஒலிநாடா இதுதான். 1990 என்று எழுதிய தாள் பழுப்பேறி ஓரம் கிழிந்திருந்தது. அப்பாடலைக் கேட்டபோது நான் நண்பரின் ஆங்கிலப் பாட்டைக் கேட்கவில்லை. நண்பரைத்தான் கேட்டேன்.

பெட்டியைத் தாண்டிய ஓர் இழை

இத்தொகுப்புகளில் எனக்குப் பெருவியப்பளித்தது ருஷ்யாவைப் பற்றிய இழையாகும். ‘வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்’ பாடலிலேயே, 1917இல் லெனின் சுவிட்சர்லாந்திலிருந்து பெத்ரோகிராடின் பின்லாந்து நிலையம் வரை மேற்கொண்ட பயணத்தை நினைவூட்டும் குறிப்பு இருக்கிறது. 1990இல் வந்த ‘மை அக்டோபர் சிம்ஃபனி’ பாடலில், புரட்சியைப் போற்றி இசையமைத்த ஒரு கலைஞர், இப்போது என் இசைக்கு என்ன பொருள் என்று தடுமாறுகிறார். பெர்லின் சுவர் திறக்கப்பட்டது 1989இல். சோவியத் ஒன்றியம் கலைந்தது 1991இல். இரண்டுக்கும் நடுவில் பிறந்த பாடல் அது.

1993இல் ‘கோ வெஸ்ட்’. அமெரிக்கக் குழுவான ‘வில்லேஜ் பீப்பிள்’ 1979இல் பாடியபோது, சான் பிரான்சிஸ்கோவை நோக்கிய மகிழ்ச்சிப் பயணமாக அது இருந்தது. பெட் ஷாப் பாய்ஸ் அதனை மீண்டும் பாடியபோது, மேற்கு என்ற சொல்லின் பொருளே மாறிவிட்டது. அதன் ஒளிக்காட்சியில் மாஸ்கோவின் செஞ்சதுக்கம் வருகிறது. பொதுவுடைமை வீழ்ந்த நாடுகள் மேற்கு நோக்கித் திரும்பிய காலம் அது. இடையில் எய்ட்ஸ் நோய் எத்தனையோ உயிர்களைப் பறித்துவிட்டதால், அந்த மகிழ்ச்சிக்கு அடியில் ஒரு சோகமும் ஓடுகிறது. பாடல் ஒன்றே, பதினான்கு ஆண்டுகள் அதன் பொருளை மாற்றிவிட்டன.

நண்பர் கேட்டது இவ்வளவே. இழை அதன்பின்னும் நீள்கிறது. 2002ஆம் ஆண்டின் ‘ரிலீஸ்’ தொகுப்பில், ருஷ்யப் படையை விட்டு ஓடி லண்டனில் பிழைக்க வந்தவர்களைப் பற்றிய பாடல் உள்ளது. 2004ஆம் ஆண்டு செப்டம்பரில், ஐசன்ஸ்டைன் 1925இல் எடுத்த ‘போர்க்கப்பல் பொட்டெம்கின்’ என்னும் மௌனப்படத்துக்குத் தாங்கள் அமைத்த புதிய இசையை, ஜெர்மானிய இசைக்குழு ஒன்றோடு இணைந்து லண்டன் டிராஃபல்கர் சதுக்கத்தில் வழங்கினர். 1905ஆம் ஆண்டுக் கடற்படைக் கலகத்தைக் கூறும் படம் அது. 2024இல் ‘நன்தலெஸ்’ தொகுப்பில், 1961இல் பாரிஸ் நகரில் சோவியத் பிடியிலிருந்து தப்பிய நடனக்கலைஞர் ருடால்ஃப் நூரெயேவைப் பாடினர். நாற்பது ஆண்டுகள் ஒரே வினாவை வெவ்வேறு கோணங்களில் கேட்டவர்கள் எனலாம்.

அடையாள அட்டையும் ஒரு பாடமும்

பெட்டியில் இல்லாத எட்டுத் தொகுப்புகளையும் தேடிக் கேட்டேன். அவற்றுள் ஒன்றைப் பற்றி மட்டும் கூறி முடிக்கிறேன்.

2006ஆம் ஆண்டின் ‘ஃபண்டமென்டல்’ தொகுப்பில் ‘இன்டெக்ரல்’ என்றொரு பாடல் உண்டு. அடையாள அட்டையை நடைமுறைப்படுத்த முனைந்த டோனி பிளேர் அரசைச் சாடும் பாடல் அது. என் மகனுக்கு இது விளங்கவில்லை. “அடையாள அட்டை எடுப்பது நல்லதுதானே, அதற்குப் போய் ஏன் சண்டை?” என்றான். நம் நாட்டில் பன்னிரண்டு வயதானதும் அடையாள அட்டை எடுக்கிறோம்; பெற்றோர் அந்நாளைப் பெருமையோடு படம் பிடித்து வைக்கின்றனர். பிரிட்டனிலோ போர்க்காலத்து அடையாள அட்டைகள் 1952இல் கைவிடப்பட்டன. குற்றமற்றவனிடம் அரசு சான்று கேட்பதா என்னும் உணர்வு அங்கு வேரூன்றியது. 2006இல் நிறைவேறிய சட்டம் 2010இல் நீக்கப்பட்டது. ஒரே அட்டை, ஓர் ஊரில் உரிமை. மற்றோர் ஊரில் கண்காணிப்பு. மகனுக்கு இதனை விளக்க எனக்கு அரைமணி நேரம் பிடித்தது. பாடநூலில் நாங்கள் அவ்வளவு நேரம் ஒன்றாக அமர்ந்து உரையாடியதில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகளின் காதுகளில் எந்நேரமும் ஏதோ ஒரு பாடல் ஒலித்துக் கொண்டிருக்கிறது. அதனைக் கழற்றச் சொல்வதற்கு முன், ஒருமுறை நீங்களும் கேட்டுப் பாருங்கள். இது எந்த ஆண்டுப் பாடல்? யார் கூற்றாக வருகிறது? அப்போது அந்நாட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது? எதைச் சொல்லாமல் விடுகிறது? இந்நான்கு வினாக்களும் எந்தப் பாடலுக்கும் பொருந்தும். ஆசிரியர்களும் தத்தம் வகுப்புகளில் இதனை முயன்று பார்க்கலாம். மாணவர்கள் தங்களுக்குப் பிடித்த ஐந்து பாடல்களை ஆண்டு வரிசைப்படி எழுதி வரட்டும். அதுவே ஒரு வரலாற்றுக் காலக்கோடாக அமையும்.

நண்பரின் மகளிடம் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். விடுபட்ட எட்டுத் தொகுப்புகளையும் வாங்கி, ஒவ்வொன்றிலும் ஆண்டினை எழுதி ஒட்டிச் சேர்த்திருக்கிறேன். என் கையெழுத்து அவருடையதைப் போல் அழகானதன்று. “அப்பா ஏன் ஆண்டு எழுதினார் என்று கேட்டாயே அம்மா, அவர் பாட்டுக் கேட்கவில்லை, பாடம் தயாரித்துக்கொண்டிருந்தார்” என்று கூறினேன். அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அப்படியானால் அந்தப் பாடத்தை நான் நடத்துகிறேன்” என்றாள்.

வரிசையின் இறுதியில் நான் ஒட்டியது 2024. அத்தொகுப்பின் பெயரைத் தமிழில் கூறுவதானால் ‘இருப்பினும்’ என்று கூறலாம். இருவரில் ஒருவர் எழுபதை எட்டிய ஆண்டில், நாற்பதாண்டு உழைப்பின் பின் சூட்டிய பெயர் அது. காலம் எத்தனையோ பேரை எடுத்துக்கொண்டது. இருப்பினும் தேதியிட்டு வைத்தவை நம்மிடம் இருக்கின்றன.